ஏலகிரி இறக்கமும் ஒரு துளி நீரும்

திருவாரூர் ஆழித்தேரின் எடை ஏறத்தாழ 300 டன். அதன் இரும்புச் சக்கரங்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்திருக்கிறது. அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தவை முட்டுக்கட்டைகள். இன்றும் தேரைத் திருப்பவும், தடம் விலகாமல் பார்த்துக்கொள்ளவும் கட்டை போடுகிறவர்கள் இல்லாமல் ஆகாது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் தேர் நகரும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள். பிரேக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் சக்கரத்தடியில் கட்டையோடு குனிந்து நிற்பவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 300 டன் தேர் நொடிக்கு அரை மீட்டர் ஊர்கிறது என்று கொண்டால், அதன் இயக்க ஆற்றல் 37.5 கிலோஜூல். தேரை நிறுத்துவது என்றால் அந்த 37.5 கிலோஜூலை எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டும். இப்போது காஞ்சிபுரத்து இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரும் அவருடைய மலைச் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஏலகிரிக்குப் போகிறார். மேலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ 700 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தை இழக்கையில் வெளிப்படும் ஆற்றல் 617 கிலோஜூல். ஆழித்தேரைப் பதினாறு முறை நிறுத்தும்போது கொட்ட வேண்டிய அளவு அது.

பிரேக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, போதுமான விசையைத் தருவது. மற்றொன்று, பிறக்கும் வெப்பத்தை விழுங்குவது. தேருக்கு முதல் வேலைதான் பெரிது. அதன் பிரேக் கொஞ்சம் சூடானாலே அதிகம். மலையிறங்கும் சைக்கிளுக்கோ விசை ஒரு பிரச்சினையே இல்லை, வெப்பம்தான் பிரச்சினை. கடையில் பிரேக் வாங்குகிறவர்கள் “நல்லா பிடிக்குமா?” என்று கேட்கிறார்கள். புது பிரேக் எல்லாமே நன்றாகத்தான் பிடிக்கும். காஞ்சிபுரம் போன்ற சமவெளி ஊரில் பத்து வருடம் ஓட்டினாலும் அது பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அதன் உள்ளே என்ன கெட்டுப்போயிருக்கிறது என்பது முதல் மலையில்தான் தெரியும்.

விசையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். பிரேக் பிடியை ஒரு விரலால், ஐந்து கிலோ எடையைத் தூக்கும் விசையில் இழுப்பதாகக் கொள்வோம். பிடியின் நெம்புகோல் அமைப்பு அதை ஐந்து மடங்காக்கி, 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு பிஸ்டன்மேல் செலுத்தினால் திரவத்தில் சுமார் 31 பார் அழுத்தம் ஏறும். காற்றழுத்தத்தைப் போல 31 மடங்கு. சக்கரத்தருகே உள்ள காலிப்பரில் 22 மி.மீ. பிஸ்டன்கள் இருந்தால், பரப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடுவதால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் ஒவ்வொரு பக்கத்தையும் 120 கிலோ எடைக்குச் சமமான விசை நெரிக்கும். ஒரு விரல் செய்த வேலை இது. கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்கிலும் விசையைப் பெருக்கலாம். ஆனால் கேபிள் உறைக்குள் உரசும், நீளும், சேறு புகுந்தால் சிக்கும். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் இந்தக் கேபிள் வகைதான். ராஜவீதிகளைச் சுற்றவும் பாலாற்றங்கரை வரை போய்வரவும் அதுவே தாராளம். அதற்கு மேல் செலவழிப்பது ஆசை, தேவையல்ல.

வெப்பத்துக்கு வருவோம். 617 கிலோஜூல் என்பது 30 டிகிரியில் உள்ள இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதைத் தாங்க வேண்டிய உலோகமோ டிஸ்க்குகள் என்னும் இரண்டு மெல்லிய துருவேறா எஃகுத் தட்டுகள். தட்டு ஒன்று 150 கிராம் இருக்கும். அத்தனை வெப்பமும் அவற்றிலேயே தங்கினால் வெப்பநிலை 4,000 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். எஃகு 1,500 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருகாமல் இருப்பதற்குக் காரணம், சைக்கிளோட்டியின் உடம்பில் மோதும் காற்று ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதும், டிஸ்க்கைத் தழுவும் காற்று மீதியை உடனுக்குடன் வாங்கிக்கொள்வதும்தான். அந்தக் கொடுக்கல் வாங்கலில் தாமதம் ஏற்பட்டால் வெப்பம், டிஸ்க்கை நெரிக்கும் பிரேக் பட்டை வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கும் போகும்.

மலைச் சைக்கிள் பந்தயத்தின் வரலாறே இந்த வெப்பத்தில்தான் தொடங்குகிறது. 1976 அக்டோபர் 21-ஆம் தேதி கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் கனத்த பழைய சைக்கிள்களில் ஒரு மலைத்தடத்தில் போட்டி வைத்தார்கள். மூன்றரைக் கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ் புகைந்து ஆவியாகிவிடும். ஓட்டம் முடிந்ததும் அச்சைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் அதனால் வந்தது. இன்றைய பிரேக்கில் எரிவதற்கு கிரீஸ் இல்லை. கொதிப்பதற்குத் திரவம் இருக்கிறது.

கொதித்தால் என்ன? திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்று வைத்துக்கொள்ளலாம்; பிரேக்கின் பிழைப்பே அதில்தான். ஆவியை எளிதாகச் சுருக்கலாம். குழாயில் சிறு குமிழி உண்டானாலும் விரல் இழுக்கும் தூரமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பிடி கைப்பிடிவரை வந்து தட்டும், சக்கரம் பாட்டுக்குச் சுற்றும்.

இது நடக்கும் நேரம்தான் விசித்திரம். பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கும்போது உள்ளே 31 பார் அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆகவே பிடித்திருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும். விட்டவுடன் அழுத்தம் சரியும், சூடேறிய திரவம் சட்டென்று குமிழியிடும். அடுத்த இழுப்பில் பிரேக் இராது. ஏலகிரிச் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாதி வழியில் நிறுத்தி, பெயர்ப்பலகையோடு படம் எடுத்துக்கொண்டு, மறுபடி ஏறி உட்காரும் அந்த ஐந்து நிமிடம்தான் மோசமானது. சக்கரம் நின்றுவிட்டதால் டிஸ்க்கில் காற்று படுவதில்லை. பட்டையில் தேங்கிய சூடு நிதானமாகத் திரவத்துக்குள் இறங்குகிறது. நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று தடவை பிடியை இழுத்து, இறுக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவது ஒரு நல்ல பழக்கம்.

எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதைத் திரவத்தின் வகை தீர்மானிக்கிறது என்றுதான் நினைப்போம். பாதிதான் உண்மை. மீதியைத் தீர்மானிப்பது அதற்குள் புகுந்திருக்கும் தண்ணீர்.

ஈரம் ஏறும் சமாச்சாரத்தைக் காஞ்சிபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு நூல் தொட்டால் உலர்ந்தே இருக்கும். ஆனாலும் சாதாரணக் காற்றில் தன் உலர் எடையில் 11 சதவீத அளவுக்கு நீரை உள்ளே வைத்திருக்கும். எடைக்கு விற்கும் பொருள் என்பதால் இது பணப் பிரச்சினையும்கூட. பிரான்சின் லியோன் நகரில் பட்டின் ஈரத்தை அளந்து சரியான எடையைச் சொல்வதற்கென்றே 1805-இல் ஒரு பொது நிலையம் ஏற்படுத்தினார்கள். நூறு கிலோ உலர்ந்த பட்டுக்கு 111 கிலோ கணக்கு என்ற வணிக வழக்கம் இன்றும் நிற்கிறது. பட்டின் புரதச் சங்கிலியில் நீர் மூலக்கூறு பற்றிக்கொள்ளத் தோதான இடங்கள் நிறைய உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஊற்றும் பிரேக் திரவம் கிளைகால் ஈதர் என்ற வகை. அதன் மூலக்கூறிலும் நீர் பற்றிக்கொள்ள ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளையார்பாளையத்துத் தறியில் பாவு நூல் ஐப்பசி மழைக்காற்றை எப்படிக் குடிக்கிறதோ, அதே வேதியியலில்தான் மூடி திறந்த பிரேக் திரவமும் குடிக்கிறது. பட்டுக்கு அந்த ஈரம் நல்லது; நூல் அறாமல் காக்கும். பிரேக்குக்கு?

அதற்கும் ஒருவகையில் நல்லதுதான், இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ரப்பர்க் குழாய் வழியாகவும் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையங்கள் வழியாகவும் ஈரம் எப்படியும் கொஞ்சம் கசிந்து உள்ளே வரும். வந்த நீரைக் கிளைகால் தன்னுள் கரைத்துக்கொள்வதால் அது எங்கும் தனித்துளியாகத் தேங்காது. கொதிநிலை இறங்கும்தான், ஆனால் படிப்படியாக இறங்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ‘டாட்’ என்பதை முன்னே போட்டு எண் கொடுக்கும் தரவரிசை, இதற்காகவே இரண்டு கொதிநிலைகளைச் சொல்கிறது. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் ஏறிய பிறகு வரம்பு முறையே 140, 155, 180 ஆகிவிடுகிறது. புட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண். மலையில் பயன்படப் போவது இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும். நான்கு வருடம் பழசான 5.1-ஐவிடப் போன மாதம் மாற்றிய டாட் 4 மேல் என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த வரிசையில் டாட் 5 என்று ஒன்று தனியாக இருக்கிறது. 4-க்கும் 5.1-க்கும் நடுவில் வருவதால் இரண்டுக்கும் உறவினர் என்று தோன்றும். கிடையாது. அது சிலிக்கோன். கிளைகாலோடு கலக்காது. அடையாளம் தெரிவதற்காக அதற்கு ஊதா நிறம் விதித்திருக்கிறார்கள். மற்றவை நிறமற்றோ தேன் நிறத்திலோ இருக்கும். இப்படி எண் வைத்தவரை என்ன சொல்வது.

சைக்கிள் உலகில் இன்னொரு கட்சி உண்டு: மினரல் ஆயில். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ நிறுவனங்களின் பிரேக்குகள் அந்தப் பக்கம். ஹோப் நிறுவனமும், ஸ்ராமின் பல பிரேக்குகளும் டாட் பக்கம். பெட்ரோலியத்திலிருந்து வரும் இந்த எண்ணெய் நீரைக் குடிக்காது, பெயிண்டை அரிக்காது, தோலில் பட்டால் பெரிய தொல்லை இல்லை. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் குடிக்காத எண்ணெயில் நீர் எப்படியாவது புகுந்துவிட்டால், கரைய இடமின்றித் தனித்துளியாக நிற்கும். நீர் எண்ணெயைவிடக் கனமானது. மெல்லக் கீழே இறங்கிக் காலிப்பரில் உட்காரும். இருப்பதிலேயே சூடான இடம் அதுதான். பிடியை விட்ட கணத்தில் அந்தத் துளிக்குக் கொதிநிலை 100 டிகிரிதான், எண்ணெயின் கொதிநிலை எத்தனையாக இருந்தாலும். சைக்கிள் பிரேக்கில் மொத்தத் திரவமே சில தேக்கரண்டி. அதில் ஒரு துளி என்பது அற்பமல்ல.

இந்தப் பூசல் சைக்கிளுக்கு முன்பே காரில் நடந்து முடிந்தது. மால்கம் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றது 1917-இல். நான்கு சக்கரங்களிலும் அத்தகைய பிரேக் கொண்ட டூசன்பெர்க் கார் 1921-இல் வந்தது. அந்த ஆரம்ப காலங்களில் பிரேக் குழாய்களில் ஓடியது ஆல்கஹால் கலந்து இளக்கிய ஆமணக்கெண்ணெய். நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு ஊற்றிய அதே எண்ணெய்தான். உலகத்தில் அதை அதிகம் விளைவிக்கும் நாடும் இந்தியாவே. பெட்ரோலிய எண்ணெய் மலிவாகக் கிடைத்தும் ஆமணக்கை நாடியதற்கு ஒரு காரணம் இயற்கை ரப்பர். மினரல் ஆயில் பட்டால் அது ஊதிக் கூழாகிவிடும், ஆமணக்கெண்ணெயைத் தாங்கிக்கொள்ளும். பின்னாளில் சிட்ரோயன் டிஎஸ் கார் பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே ஹைட்ராலிக் அமைப்பில் ஓட்டியபோது, முதலில் ஊற்றிய திரவம் ஈரம் குடித்து உலோகத்தை உள்ளிருந்து அரித்தது. 1966-இல் அந்நிறுவனம் பச்சை நிற மினரல் ஆயிலுக்கு மாறியது. மாறும்போது திரவத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. அத்தனை ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

சைக்கிளோட்டிக்கும் சட்டம் அதுவே. டாட் பிரேக்கில் இருப்பது ஈபிடிஎம் என்ற ரப்பர். மினரல் ஆயில் பட்டால் ஊதிப்போகும். மினரல் ஆயில் பிரேக்கில் இருப்பது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். கிளைகால் அதைக் கெடுத்துவிடும். ஆகவே “எந்தத் திரவம் சிறந்தது?” என்று சைக்கிள் வாங்கிய பிறகு கேட்பதில் பொருளில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் அந்தச் சின்ன வளையம் முடிவு செய்தாகிவிட்டது. காஞ்சிபுரத்தில் இதற்கொரு தனி அபாயம் இருக்கிறது. மாவட்டத்தின் ஒரகடத்தில் 2013 முதலும் வல்லம் வடகாலில் 2017 முதலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் ஓடுகின்றன. வண்டிகளுக்குப் பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-இல் தோன்றிய சென்னைப் பாடியும் தொலைவில் இல்லை. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை எதிலும் டாட் 4 புட்டி கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஷிமானோவின் சிவப்பு எண்ணெயையோ மகுராவின் நீல எண்ணெயையோ தேடித்தான் வாங்க வேண்டும். அவசரத்தில் மெக்கானிக் இருப்பதை ஊற்றிவிடுவார். அன்றைக்குப் பிரேக் நன்றாகவே பிடிக்கும். வளையம் ஊதிப் பிஸ்டன் திரும்ப வராமல் ஒட்டிக்கொள்வது, கசிவது எல்லாம் பிறகு ஒருநாள்.

டிஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 160 மி.மீ.க்குப் பதில் 180 போட்டால் அதே விரல் விசையில் திருப்புவிசை எட்டில் ஒரு பங்கு கூடும். 203 போட்டால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கும் பரப்பும் சூட்டைத் தாங்கும் உலோகமும் கூடுகின்றன. உடல் கனத்தவர்களும், பை கட்டிக்கொண்டு மலை போகிறவர்களும் திரவத்தைப் பற்றி விவாதிப்பதற்கு முன் முன்சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க் போட்டுக்கொள்ளலாம், ஃபோர்க் எவ்வளவு பெரியதை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு. பட்டையில் ரெசின் வகை சத்தமின்றி மென்மையாகப் பிடிக்கும், சூட்டிலும் சேற்றிலும் சீக்கிரம் தேயும். உலோகத்தூள் வகை நீடித்து உழைக்கும். ஆனால் உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சூட்டைத் திரவத்துக்கும் தாராளமாக அனுப்பிவைக்கும். உலோகப் பட்டை போட்டவர் பழைய திரவத்தோடு மலையேறக் கூடாது.

ஓட்டும் விதத்திலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 7 சதவீதச் சரிவில் பயந்து பயந்து, பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இறங்கினால், பிரேக்குகள் நொடிக்கு 220 ஜூல் வாக்கில் விழுங்க வேண்டும். நேர்ப்பாதையில் 40 கி.மீ. வேகத்துக்கு விட்டால் காற்றின் தடையே பெரும்பங்கைச் சுமந்துகொள்ளும்; பிரேக்கின் பங்கு நொடிக்கு 130 ஜூல் வாக்கில் வந்து நிற்கும். எதிரே பேருந்து வரும் சாலையில் வேகத்தைத் துரத்துங்கள் என்று சொல்லவில்லை. வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைந்ததும் முழுவதுமாக விட்டுவிடுவது டிஸ்க்குக்கு மூச்சுவிட இடம் தரும். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் இறங்குகிறவருக்கு இது இன்னும் பெரிய வித்தியாசம்.

திரவத்தை எப்போது மாற்றுவது? காஞ்சிபுரத்துக்குத் தை மாதம் தோதானது. வடகிழக்குப் பருவமழையின் ஈரமெல்லாம் அதற்குள் ஏற வேண்டிய அளவு ஏறியிருக்கும். கோடையில் மலைக்குப் போவதற்கும் இன்னும் நாள் இருக்கும். டாட் வகையை ஆண்டுக்கொரு முறை மாற்றலாம். மினரல் ஆயிலுக்கு இரண்டு வருடம்கூடப் போகலாம், கறுத்துப் போயிருந்தால் முன்னதாகவே. பெரிய புட்டி மலிவு என்று வாங்கி, பாதியை ஊற்றிவிட்டு, மீதியை மூடி அலமாரியில் வைத்து அடுத்த தையில் எடுப்பது டாட் திரவத்தில் ஆகாத சிக்கனம். புட்டிக்குள் மீதமிருக்கும் காற்றிலும் மழைக்காலம் இருக்கிறது. சின்னப் புட்டியே போதும்.

எந்தக் கட்சி வெல்லும் என்று கேட்டால், உற்பத்தியாளர்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை. டாட் கட்சியின் பெரிய தூணான ஸ்ராம், 2022-இல் டிபி8 என்ற பிரேக்கையும் 2024-இல் மேவன் என்ற பிரேக்கையும் மினரல் ஆயிலில் இயங்கும்படி வெளியிட்டது. தன் வேறு சில பிரேக்குகளில் டாட் 5.1-ஐத் தொடர்ந்துகொண்டே. ஒரே நிறுவனத்தின் இரண்டு பிரேக்குகளுக்கு ஒன்றோடொன்று சேராத இரண்டு புட்டிகள். ஆகவே நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திரவம் கேட்காதீர்கள். பிடியருகே இருக்கும் சிறு தொட்டியின் மூடியைத் துடைத்துப் பார்த்தால் எதை ஊற்ற வேண்டும் என்று பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். எழுத்து அழிந்துபோயிருந்தால் பிரேக்கைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, மாடல் பெயரோடு கடைக்குப் போங்கள்.